வாய்ப்பும் செவ்வியும்: ஒரு சொல்லாய்வு

ஒரு செயல் இனிது முடிதற்கு ஏற்ற நிலை வந்து பொருந்துவதை ஆங்கிலத்தில் 'ஆப்பர்ச்சூனிட்டி' என்பர். அதற்கு நேராக நாம் இன்று 'வாய்ப்பு' என வழங்குகிறோம். இவ்விரண்டு சொற்களும் பொருளால் நெருங்கியவை. ஆயினும் பிறந்த இடத்தாலும் வளர்ந்த நெறியாலும் வேறுபட்டவை. அவ்வேறுபாட்டை நோக்காது, ஆங்கிலச் சொல் வரும் இடந்தோறும் வாய்ப்பு என்னும் ஒன்றையே பெய்து எழுதும் வழக்கம் பெருகிவருகிறது. அதனால் தமிழுக்கு நேரும் இழப்பு யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஆங்கிலச் சொல் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியளவில் பிரெஞ்சு மொழியின் வழியாக வந்து சேர்ந்தது. அதன் மூலம் இலத்தீன். அம்மொழியில் 'ஓப்' என்பது 'நோக்கி' எனவும், 'போர்த்துஸ்' என்பது 'துறைமுகம்' எனவும் பொருள்படும். இரண்டும் இணைந்து பிறந்த சொல், கலத்தைத் துறைமுகம் நோக்கிச் செலுத்தும் காற்றை முதற்கண் குறித்தது என்பது சொல்லறிஞர் தரும் விளக்கம். உரோமர் துறைமுகங்களைக் காப்பதற்கெனப் 'போர்த்தூனுஸ்' என்றொரு தெய்வத்தையும் வழிபட்டனர். அத்தெய்வத்துக்கு ஆகஸ்டு 17ஆம் நாள் விழா எடுத்தனர். தைபர் ஆற்றங்கரையில் அதன் கோயில் இன்றும் நிற்கிறது. ஆகவே இச்சொல் கடலோடிகளின் வாழ்விலிருந்து எழுந்தது என்பது தெளிவு.

ஆங்கிலத்தில் இதனோடு ஒருங்கு எண்ணப்படும் 'சான்ஸ்' என்னும் சொல்லோ 'விழுதல்' என்னும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. உருட்டிய காய் விழுந்தபடி வருவதே அது. நம் நாட்டுத் தாய ஆட்டத்திலும் 'தாயம் விழுந்தது' என்றே கூறுவர். காற்றை அறிந்து பாய்விரிப்பதில் மாந்தன் அறிவுக்கு இடம் உண்டு; காய் விழுவதில் அதற்கு இடமில்லை. ஒத்த பொருளனபோல் தோன்றும் இவ்விரு சொற்களின் வேறுபாடும் இதுவே.

தமிழரும் காற்றின் இயல்பறிந்து கடலோடியவரே. கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தியதை வெண்ணிக் குயத்தியார் புறநானூற்று 66ஆம் பாடலில் கூறுகிறார். எனினும் நம் மக்கள் வழக்கில் நிலைபெற்ற காற்று, களத்துமேட்டுக் காற்றே ஆகும். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது பழமொழி. சேலத்திற்கும் ஆத்தூருக்கும் இடைப்பட்ட வாழப்பாடி போன்ற உழவூர்களில், இயந்திரம் வருமுன், போரடித்த கூலத்தை முறத்தில் ஏந்தி, காற்று வீசும் திசை பார்த்துத் தூற்றுவர். பதர் விலக மணி குவியும். உரோமனுக்குக் கலத்தைக் கரைசேர்த்த காற்று, தமிழனுக்கு மணியையும் பதரையும் பிரித்துக் கொடுத்தது.

இனி, வாய்ப்பு என்னும் சொல்லை நோக்குவோம். 'வாய்' என்னும் வினையடியோடு தொழிற்பெயர் விகுதி சேர்ந்து, படிப்பு, நடிப்பு என்பனபோல வாய்ப்பு ஆயிற்று. வாய்த்தல் என்பது கிட்டுதல், பொருந்துதல், தப்பாது பலித்தல் எனப் பொருள்படும். ஓசை ஒப்புமை ஒன்றே கொண்டு, இதனை முகத்து உறுப்பாகிய வாயோடு இணைத்துப் பொருள் கூறுதல் பொருந்தாது. 'எனக்கு வாய்த்தது' என்பதே இவ்வினையின் இயல்பான தொடரமைப்பு. பெறுவோன் நான்காம் வேற்றுமையில் நிற்க, வந்து பொருந்தும் பொருளே எழுவாயாகிறது. ஆதலின் வாய்த்தலில் மாந்தன் ஏற்போனேயன்றிச் செய்வோன் அல்லன்.

செய்வோன் அறிந்து பற்றவேண்டிய காலத்தைக் குறிக்கத் தமிழில் வேறு சொற்கள் உள. அவற்றுள் தலையாயது செவ்வி. முற்றிய பக்குவமும் உரிய வேளையும் இச்சொல்லுள் ஒருங்கே அடங்கும். வள்ளுவர் 57ஆம் அதிகாரத்தில் அரசனைக் காண்டற்குரிய வேளையையும், 129ஆம் அதிகாரத்தில் காமத்தின் பக்குவத்தையும் இச்சொல்லாலேயே குறிக்கிறார். காலம் அறிதல் என்னும் 49ஆம் அதிகாரத்தில் பகலில் கோட்டானை வெல்லும் காக்கையையும், பாய்தற்குப் பின்வாங்கும் ஆட்டுக்கடாவையும், காத்திருந்து குத்தும் கொக்கையும் காட்டுகிறார். மூன்றும் செவ்வி நோக்கும் அறிவுக்கே எடுத்துக்காட்டுகள்.

உழவர் வழக்கில் இப்பொருள் பதம் எனவும் பட்டம் எனவும் வாழ்கிறது. மழைக்குப்பின் மண் சேறாகவும் இன்றி, இறுகியும் போகாது, ஏருக்கு இசைந்து நிற்கும் நிலையே பதம். மானாவாரி நிலத்தில் அது சில நாளே நிற்கும். பட்டம் விதைப்புக்குரிய பருவம். ஆடிப்பட்டம் யாவரும் அறிந்தது. 'பதம் தப்பியது' என்று உழவர் கூறும் இடத்தில் 'வாய்ப்பு நழுவியது' என்று எழுதினால், மண்ணும் ஈரமும் அத்தொடரினின்று நீங்கிவிடுகின்றன.

இங்ஙனம் கூறுவதால் வாய்ப்பு என்னும் சொல்லை நாம் குறைத்து மதிப்பதாகக் கொள்ளற்க. அச்சொல் நம் காலத்தில் பெரியதொரு பொறுப்பை ஏற்றுள்ளது. 1950 சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பு, முகப்புரையில் யாவர்க்கும் சமவாய்ப்பை உறுதி செய்கிறது. அதன் 16ஆம் உறுப்பு அரசுப் பணிகளில் அதனை வலியுறுத்துகிறது. தானே வந்து பொருந்துவதை ஒருவர் மறுத்தல் இயலாது. ஆனால் இன்று 'வாய்ப்பு மறுக்கப்பட்டது' என்கிறோம். ஊழின்பாற்பட்டிருந்த ஒரு சொல் உரிமையின்பாற்பட்டதாகியது. இது பொருள் வளர்ச்சியே.

ஆனால் 'விபத்து நேர வாய்ப்புள்ளது' என எழுதுவது வளர்ச்சி அன்று. நன்மையே குறித்து வந்த சொல்லைத் தீமைக்கும் ஆக்குவது அதனைத் தேய்ப்பதாகும். 'விபத்து நேரக்கூடும்' என்பதே போதும். உரிமை கருதுமிடத்து வாய்ப்பு என்றும், காலத்தின் பக்குவம் கருதுமிடத்துச் செவ்வி என்றும், நிலமும் தொழிலும் கருதுமிடத்துப் பதம், பட்டம் என்றும் வேறுபடுத்தி ஆளுதல் வேண்டும். களத்திலும் காட்டிலும் இன்னும் வழங்கும் இத்தகைய சொற்களை, அவற்றை ஆளும் முதியோர் உள்ளபோதே கேட்டுத் தொகுத்தல் தமிழ் பயில்வோர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.