உங்களுக்குத் தெரியுமா? விலையை விழுங்கும் சதவீதக் குறி
வண்டன்மேட்டு ஏலக்காய் விலைப்பட்டியலை ‘டெக்’ மென்பொருளில் கோக்கிறீர்கள்: ‘கழிவு 10% போக கிலோ விலை’. அச்சில் வருவதோ ‘கழிவு 10’ மட்டும்! டொனால்ட் கனூத் உருவாக்கிய இந்த மொழியில் ஒவ்வொரு குறிக்கும் 0 முதல் 15 வரை ஒரு வகை எண் உண்டு. சதவீதக் குறிக்கு 14. அதைக் கண்டதும் அந்த வரியின் மிச்சத்தை டெக் படிக்காது. முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் தப்பித்தீர்கள். வகை எண்ணையே 12, அதாவது சாதாரணக் குறி, ஆக்கலாம்தான். ஆனால் நெளிவு அடைப்புக்குள் வைத்து மாற்றுங்கள், அந்த மாற்றம் வெளியே கசிந்தால் பிழையைத் தேடியே பொழுது போய்விடும். டெக்கின் யூனிகோடு வடிவமான ‘ஸீடெக்’கில் தமிழ் எழுத்துகள், புள்ளியும் கொம்பும் உட்பட, வகை 11, அதாவது எழுத்து வகை. ஆகவே \தலைப்பு என்று தமிழிலேயே கட்டளை எழுதலாம்!