கூத்துக்குக் கோடை தரும் குரல்

பங்குனி பிறந்துவிட்டால் திருவண்ணாமலை, செய்யாறு, செஞ்சி, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் ‘அக்னி வசந்த விழா’ சுவரொட்டிகள் தென்படத் தொடங்கும். திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் மகாபாரதத் திருவிழா இது. பிற்பகலில் வில்லிபாரதத்தை வைத்துப் பிரசங்கம், இரவில் விடிய விடியத் தெருக்கூத்து. அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும் நாட்கள் என்பதால் ஊரில் ஆட்களுக்கும் ஓய்வு, ஆடுவதற்கும் திறந்தவெளி. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு ஊரே சேர்ந்து செலவு செய்கிறது.

இந்தக் கலையின் பக்தியையும் அழகையும் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அறிவியலின் பக்கம் நின்று பார்க்கும்போது இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. காற்று, இருட்டு, தூக்கம், கூட்டம் என்று கோடை இரவில் இருப்பதையெல்லாம் கூத்து தன் கருவிகளாக்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் குரலைப் பார்ப்போம். இன்று ஒலிபெருக்கி இல்லாத கூத்து அரிது. ஆனால் கூத்து வளர்ந்தது அது இல்லாத காலத்தில். அப்போது அடுத்த ஊர்க் களத்துமேட்டில் படுத்திருந்தாலும் பாட்டுக் கேட்கும் என்று பெரியவர்கள் சொன்னால் நம்பலாம். வெப்பக் காற்றில் ஒலி வேகமாகப் போகும். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகம் கூடுகிறது. பகலில் தரை கொதிப்பதால் கீழே இருக்கும் காற்று சூடாகவும், மேலே போகப் போகக் குளிர்ந்தும் இருக்கும். ஒலி தன் வேகம் குறையும் குளிர்ந்த பக்கமாகவே வளையும் என்பதால், அந்த நேரத்தில் அது மேல்நோக்கி வளைந்து, தூரத்தில் இருப்பவரின் தலைக்கு மேலே கடந்துவிடும். பொழுது சாய்ந்ததும் தரை தன் சூட்டை வேகமாக இழக்கிறது. மேகமில்லாத, காற்றடங்கிய இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கும். இப்போது உயரே கிளம்பிய ஒலியும் வளைந்து தரைக்கே இறங்குகிறது. பகலில் எட்டாத தூரத்துக்கு அதே குரல் எட்டுகிறது.

கூத்தர்கள் உச்சஸ்தாயியில் பாடுவதற்கும் பலன் உண்டு. நம் செவிக்குழாய் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் நீளம். அந்த நீளத்தால் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் அதற்குள் இயல்பாகவே பெருகுகின்றன. அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடும் உரத்த குரலிலும், முகவீணை என்ற சிறு ஊதுகருவியின் கூர்மையான நாதத்திலும் இந்த அலைவரிசையில் வலு மிகுதி. போதாததற்குப் பின்பாட்டுக்காரர்கள் ஒவ்வொரு அடியையும் வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். ஓரத்தில் இருப்பவருக்கு முதல் தடவை தப்பிய சொல் இரண்டாம் தடவை கிடைத்துவிடும்.

அர்ச்சுனன் தபசு அன்று இந்தப் பாட்டு வானத்துக்கே ஏறுகிறது. பாசுபத அஸ்திரம் வேண்டிப் போகும் அர்ச்சுனன், உயரமாக நட்ட தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவான். கீழே குழந்தை வரம் கேட்கும் பெண்கள் ஈரப் புடவையோடு காத்திருப்பார்கள். உச்சியிலிருந்து அவன் எறியும் எலுமிச்சம் பழத்துக்கும் விபூதிக்கும் மடி ஏந்துவார்கள். சமதரையில் நின்று பாடினால், நெருக்கி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் தலைகளை உரசிப் போகும் ஒலியில் ஒரு பகுதியை அந்தக் கூட்டமே விழுங்கிவிடும். கிரேக்க அரங்குகளில் பார்வையாளர்களை மலைச்சரிவில் ஏற்றி அமர்த்தியதால் இந்த இழப்பு குறைந்தது. இங்கே பாடுகிறவரே ஏறிவிடுகிறார்.

அடுத்தது ஒப்பனை. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவற்றைக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள். தேக்கோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழப் பாதி எடைதான். இரவு முழுக்கச் சுமந்து சுழல வேண்டியவருக்கு அந்தக் கனக் குறைவு உயிர் காக்கும் விஷயம். அதன்மேல் கண்ணாடிச் சில்லுகளை ஒட்டுகிறார்கள். தீவட்டியோ காஸ் விளக்கோ தரும் சொற்ப ஒளியை அவை வாங்கி எல்லாப் பக்கமும் வீசும். நம் விழித்திரையின் ஓரப்பகுதி நுணுக்கங்களைக் காட்டாது. மங்கிய ஒளியையும் சட்டென்று மாறும் மினுக்கத்தையும் மட்டும் எளிதில் பிடித்துவிடும். துரியோதனன் கிறுகிறுவென்று சுழன்றால், வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பவரின் கண்ணும் தானாகத் திரும்புவது இதனால்தான்.

தூக்கத்தையும் கூத்து விட்டுவைக்கவில்லை. உடலின் வெப்பநிலை விடியற்காலை நான்கு, ஐந்து மணியளவில் மிகவும் தாழ்ந்திருக்கும். தூக்கம் ஆளை அமுக்கும் நேரம் அது. முன்னிரவில் கட்டியக்காரன் கேலி பேசிக் கூட்டத்தைக் கட்டி வைத்திருப்பான். துகில் உரிதல், சண்டை, ஒப்பாரி போன்ற கனமான கட்டங்கள் பின்னிரவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். அரைத் தூக்கத்தில் மனக்கட்டுப்பாடு தளர்ந்திருக்கும் அந்த வேளையில், திரௌபதியின் அழுகை தடையில்லாமல் உள்ளே இறங்குகிறது.

கடைசி நாள் காலையில் படுகளம். களிமண்ணால் பிரம்மாண்டமாகச் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தைச் சுற்றி பீமனும் துரியோதனனும் ஓடி ஓடிப் போரிடுவார்கள். மண் தொடை பிளந்து சிவப்பு நீர் பீறிட, திரௌபதி கூந்தலை முடிகிறாள். அன்று மாலை தீமிதி. கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும், பாதம் படுவதும் கணநேரம்தான் என்பதால் பலர் காயமின்றி நடந்துவிடுகிறார்கள். தயங்கி நின்றாலோ இடறினாலோ கொப்புளித்துவிடும்.

தீயில் இறங்காதவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதற்கு ஸ்பெயினில் ஒரு தடயம் கிடைத்தது. சான் பெத்ரோ மான்ரிக்கே என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் ஜூன் 23 இரவு ஊர்மக்கள் தணல்மேல் நடக்கிறார்கள். டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஒரு குழு அங்கே போய், நடப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத்துடிப்பு அளக்கும் கருவிகளைக் கட்டிவிட்டது. முடிவு 2011இல் வெளியானது. நடப்பவரின் துடிப்பு ஏறி இறங்கிய விதத்திலேயே, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களிடம் அந்த ஒத்திசைவு இல்லை.

சொந்தபந்தம் கூடி நிற்க நடத்தும் நாடகத்துக்கும், அரங்குக்கு டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கும் நாடகத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த அளவீட்டில் தெரிகிறது. பாரதக் கூத்தில் கூட்டமும் ஒரு பாத்திரம்தான். வரி கொடுத்தவர், மரம் நட்டவர், களிமண் குழைத்தவர், மடி ஏந்தியவர் எல்லோரும் கதைக்குள் இருக்கிறார்கள். நாடகாசிரியர் ந.முத்துசாமி புரிசை கிராமத்துக் கூத்தில் கண்டு வியந்த ஆற்றல்தான் 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவாக நகரத்துக்கும் வந்தது.

ஆகவே விழா நடத்தும் ஊர்களிடம் வேண்டிக் கேட்பது ஒன்றுண்டு. இருக்கும் கூத்து இரவுகளில் ஒன்றையாவது ஒலிபெருக்கி இல்லாமல் நடத்துங்கள். கம்பத்தில் கட்டிய குழாய் பாடுகிறவரின் உடலிலிருந்து குரலைப் பிரித்து எங்கிருந்தோ ஒலிக்க வைக்கிறது, முகவீணையை அமுக்குகிறது, பின்பாட்டுக்கு வேலை இல்லாமல் செய்கிறது. நகரத்தில் இருப்பவர்கள் பங்குனிக்கும் ஆனிக்கும் இடையே ஓர் இரவை ஒதுக்கிப் போய் உட்காருங்கள். பாதியில் எழுந்துவிடாமல் விடியும்வரை இருங்கள். கூத்தர்களின் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு இந்தச் சில மாதங்களில்தான் வருகிறது. கோடை இரவுகளை இவ்வளவு நுட்பமாகப் படித்து வைத்திருக்கும் மனிதர்களுக்கு நம் ஓர் இரவைத் தருவது பெரிய செலவில்லை.