அவசர அழைப்பு: இடம் அறிவது எப்படி?

இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் விவசாயியைப் பாம்பு கடித்து விட்டால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியமாகும். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. செல்போனில் அழைத்தவுடன், நிற்கும் வரப்பு வரை அவர்களுக்குத் தெரிந்து விடும் எனப் பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று.

கோபுரம் காட்டும் இடம்

செல்போன் அருகிலுள்ள கோபுரம் ஒன்றின் வழியே பேசுகிறது. கோபுரம் பொதுவாக மூன்று திசைகளாகப் பிரித்து அலைகளை அனுப்பும். எந்தக் கோபுரம், எந்தத் திசை என்பதைக் கொண்டு இடத்தைத் தோராயமாகவே அறியலாம். அம்பத்தூர் போன்ற நெருக்கமான பகுதிகளில் கோபுரங்கள் அடுத்தடுத்து இருப்பதால் வித்தியாசம் சில நூறு மீட்டராக இருக்கும். பூந்தமல்லிக்கு மேற்கே வயல்வெளிகளில் இது கிலோமீட்டர் கணக்கில் வரக்கூடும்.

செயற்கைக்கோள் காட்டும் இடம்

ஸ்மார்ட்போனில் உள்ள ஜி.பி.எஸ்., சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் அலைகளைப் பெற்று இடத்தைக் கணக்கிடுகிறது. திறந்த வெளியில் சில மீட்டர் அளவுக்குத் துல்லியமாக இருக்கும். மோட்டார் அறையிலும், அடர்ந்த தோப்பிலும் துல்லியம் குறையும். இக்கணக்கு போனுக்குள் நடப்பதாகும். அதனை அனுப்பினால்தான் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். '112 இந்தியா' செயலி மூலம் உதவி கேட்டால் இடமும் சேர்ந்து செல்லும்.

செய்ய வேண்டியவை

1. பம்புசெட் அருகே திறந்த வெளியில் நின்று, போனில் வரைபடத்தைத் திறந்து, நீலப் புள்ளியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் தோன்றும். ஆவடிப் பகுதியில் இவை 13.1, 80.1 ஆகியவற்றை ஒட்டி இருக்கும். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் வரை குறித்துக் கொள்ள வேண்டும். நான்கு இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டருக்குள் இடம் புலப்படும். இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தவறலாம்.

2. இந்த எண்களை மோட்டார் அறைச் சுவரில் பெயிண்டால் எழுதி வைக்கலாம். சாதாரண போன் வைத்திருப்பவரும், கூலியாட்களும் படித்துச் சொல்ல இது உதவும்.

3. அழைக்கும்போது மாவட்டம், வட்டம், ஊர், அருகிலுள்ள ஏரி அல்லது கோயில் என்ற வரிசையில் கூற வேண்டும். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால் ஊர்ப் பெயர் மட்டும் போதாது.

4. அழைத்த போனை அணைக்காமல், வேறு அழைப்புகளுக்குப் பயன்படுத்தாமல் வைத்திருக்க வேண்டும். ஒருவரை டார்ச் விளக்குடன் சாலைக்கு அனுப்புவது நல்லது. வண்டி சாலை வரை வந்தாலும், வரப்புக்கு வழி காட்ட ஆள் தேவை.