வயலின் ஞாபகம்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், ஒக்லஹோமா எல்லையை ஒட்டி இருக்கிறது சம்னர் கவுன்டி. கவுன்டி என்பதைச் சின்ன மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். கோதுமைக்குப் பேர்போன மண். 2017 அக்டோபரில் அங்கே ஒரு விவசாயியின் கணக்கில் கோதுமைக்கான அரசு மானியம் ஏறியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், அவர் அந்தப் போகத்தில் கோதுமை விதைத்திருக்கவே வேண்டியதில்லை. சோயா போட்டிருந்தாலும் கோதுமைப் பணம் வரும். சட்டமே அப்படித்தான்.

அரசு பார்ப்பது வயலின் பழைய சாகுபடிக் கணக்கை. முன்பு எந்தப் பயிர் எத்தனை ஏக்கரில் இருந்தது என்பது ‘அடிப்படை ஏக்கர்’ என்று பதிவாகி, அந்த நிலத்தோடேயே ஒட்டிக்கொள்கிறது. வயலுக்கு ஒரு ஞாபகம் இருப்பது போல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வயலில் கோதுமைக்கு 100 அடிப்படை ஏக்கர். ஏக்கருக்கு 35 புஷல் என்று பழைய விளைச்சலும் பதிவில் இருக்கிறது. ஒரு புஷல் கோதுமை 27 கிலோ, நம் வீட்டு அரிசிச் சிப்பத்தைவிடக் கொஞ்சம் கனம். அன்றைய சட்டம் கோதுமைக்கு வைத்திருந்த ‘குறிப்பு விலை’ புஷலுக்கு 5.50 டாலர். 2016 அறுவடைக்கு நாடு முழுவதும் கிடைத்த சராசரியோ 3.89 டாலர். துண்டு விழுந்தது 1.61. நூறு ஏக்கரில் 85க்குத்தான் பணம். 85ஐ 35ஆல் பெருக்கி, அதை 1.61ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 4,790 டாலர். அந்த ஆண்டு அந்த வயலில் விளைந்த ஒரு மணிகூட இந்தக் கணக்கில் இல்லை.

விவசாயி தானியத்தை என்ன விலைக்கு விற்றார் என்றும் யாரும் கேட்பதில்லை. சாமர்த்தியமாக 4.30க்கு விற்றிருந்தாலும் மானியம் குறையாது. நல்ல விலை தேடும் ஆசை அப்படியே இருக்கும். ஆனால் பொறுமை வேண்டும். குளிர்காலக் கோதுமையை 2015 இலையுதிர் காலத்தில் விதைத்து, 2016 ஜூனில் அறுத்து, சராசரி விலை முடிவாக 2017 மே வரை காத்திருந்து, அக்டோபரில் பணம். விதைத்து இரண்டு ஆண்டு!

இவ்வளவு சுற்றிவளைப்பு எதற்கு? பட்ட அடிதான் காரணம். 1933இல் விலை அதலபாதாளத்தில் கிடந்தபோது, ஏறக்குறைய ஒரு கோடி ஏக்கர் பருத்தியை விளையும்போதே உழுது அழிக்க அரசு பணம் கொடுத்தது. செடியை மிதிக்காமல் நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள் பயிர் வரிசைமேல் கால்வைக்க மறுத்தன என்று இன்றும் சொல்வார்கள். பிறகு பல பத்தாண்டுகள் மானியம் பயிரோடு கட்டுண்டு கிடந்தது. எதற்குப் பணமோ அதையே விதைத்தார்கள்; களஞ்சியம் நிரம்பியது, விலை மறுபடி சரிந்தது. பணத்தைப் பயிரிலிருந்து அவிழ்த்து, பழைய கணக்கில் கட்டியது எனக்கு மிகப் பிடித்த யுக்தி. இனி எதை விதைப்பது என்பதைச் சந்தையைப் பார்த்து விவசாயியே முடிவு செய்யலாம்.

மானியத்துக்காக வயலை அளந்த கதையும் அழகு. 1930களில் விமானத்திலிருந்து படம் பிடித்து, அந்தப் படத்தில் வயலின் ஓரத்தைப் ‘பிளானிமீட்டர்’ என்ற கருவியின் முள்ளால் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். கருவியின் குட்டிச் சக்கரம் உருண்ட தூரத்திலிருந்து பரப்பளவு கிடைத்துவிடும். ஓரத்தை மட்டும் தொட்டு உள்ளே இருக்கும் அத்தனை ஏக்கரையும் சொல்லும் கருவி!

இன்னொரு திட்டம் கவுன்டியில் அந்தப் பயிர் ஏக்கருக்குத் தந்த வருமானத்தைப் பார்க்கிறது. முந்தைய ஐந்து ஆண்டுகளின் விளைச்சலிலும் விலையிலும் தனித்தனியே மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு, மீதி மூன்றின் சராசரிகளைப் பெருக்கி, அதோடு ஒப்பிடுகிறார்கள். அதனால் கவுன்டி எல்லைச் சாலைக்கு இந்தப் பக்கம் பணம் வரும். ஒரே மழை பெய்த அந்தப் பக்கம் வராமலும் போகும். இந்த மானியங்களைக் கவனிக்கும் உள்ளூர் அலுவலகத்தின் பணிகளை மேற்பார்வையிடும் குழுவை விவசாயிகளே தங்களுக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நிலம் கைமாறினால் ஞாபகமும் கூடவே போகிறது. இதில் ஒரு ஆபத்தும் உண்டு. டெக்சாஸில் நெல் வயல்கள் வீட்டு மனைகளான பிறகும் நெல்லுக்கான பணம் வந்துகொண்டிருந்தது. 2006இல் பத்திரிகைகள் அதை வெளிக்கொணர்ந்தன. குடியிருப்பாகப் பிரித்த நிலத்தின் அடிப்படை ஏக்கரைக் குறைக்க 2008 சட்டம் வழிசெய்தது.