வாடகை ஃபிளாட்: வச்சுக்கலாமா, வித்துடலாமா, லோனை மாத்தலாமா?

சென்னையில ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கீங்க. மாசாமாசம் வாடகை வருது, ஆனா இ.எம்.ஐ. அதைவிடப் பெருசு. வித்துடலாமான்னு ஒரு யோசனை. 'இடத்தை மட்டும் விக்காதே'ன்னு அப்பா சொல்றார். யார் சொல்றது சரி? ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்த்துடலாம்.

2017-ல் எல்லாச் செலவும் சேர்த்து 40 லட்சத்துக்கு வாங்கிய ஓ.எம்.ஆர். ஃபிளாட். இன்றைய விலை 60 லட்சம். லோன் பாக்கி 25 லட்சம், வட்டி 9%, இன்னும் 12 வருஷம். இ.எம்.ஐ. சுமார் 28,450 ரூபாய். வாடகை 18,000.

முதல்ல லோனைப் பாருங்க

வச்சுக்கிட்டாலும் விக்கப் போனாலும் இதை முதல்ல செய்யலாம். 2019 அக்டோபருக்கு முன்னாடி வாங்கிய பல லோன்கள் இன்னும் எம்.சி.எல்.ஆர். கணக்குலயே ஓடுது. 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள்ள ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.5%-லிருந்து 5.5%-க்கு இறக்கியது. அந்தக் குறைப்பு உங்க லோனுக்கு வந்ததான்னு ஸ்டேட்மென்ட்ல பாருங்க.

வட்டி 8% ஆனா இ.எம்.ஐ. 1,390 ரூபாய்தான் குறையும். ஆனா பழைய இ.எம்.ஐ.யையே தொடர்ந்து கட்டினா லோன் 11 மாசம் முன்னாடியே முடியும், 3 லட்சத்துக்கு மேல மிச்சம். முதல்ல உங்க வங்கியிலேயே ரெப்போவுக்கு மாத்தித் தரச் சொல்லுங்க, கட்டணம் பெரும்பாலும் கம்மி. வேற வங்கிக்குப் போனா பிராசசிங் கட்டணம், எம்.ஓ.டி. பதிவுச் செலவு வரும். ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாதுங்கிறது ரிசர்வ் வங்கி விதி. போற இடத்துல டாப்-அப் லோன் தர்றேன்னு ஆசை காட்டுவாங்க, உஷார்!

வச்சுக்கிட்டா?

வருஷ வாடகை 2.16 லட்சம். மெயின்டனன்ஸ் 30,000, ஒரு மாசம் காலியா இருந்தா 18,000, சொத்து வரி, பெயின்ட், ரிப்பேர் 18,000 போனா கையில் 1.5 லட்சம். 8% வட்டியிலேயே முதல் வருஷ வட்டி சுமார் 1.95 லட்சம். அதாவது வருஷத்துக்கு 45,000 நஷ்டம். புது வரி முறையில இருக்கிறவங்க இந்த நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்கவும் முடியாது.

ஆக, ஃபிளாட்டை வச்சிருக்கிறது வாடகைக்காக இல்ல, விலை ஏறும்ங்கிற நம்பிக்கைக்காக.

வித்தா?

2024 ஜூலை 23-க்கு முன்னாடி வாங்கிய சொத்துன்னா, இங்கே வசிக்கிற தனிநபருக்கு ரெண்டு வழி: இன்டெக்சேஷன் இல்லாம 12.5%, அல்லது இன்டெக்சேஷனோட 20%. புரோக்கர் செலவு 1 லட்சம் போக, 2025-26-ல் வித்ததா வச்சா முதல் வழியில வரி சுமார் 2.4 லட்சம், ரெண்டாவதுல முக்கால் லட்சம்தான். லோனும் அடைச்சு கையில் சுமார் 33 லட்சம்.

இப்போ நிஜமான கேள்வி

அந்த 33 லட்சம் 6.5% எஃப்.டி.யில 2.15 லட்சம் தரும். 45,000 நஷ்டமும் நிக்கும். அதாவது ஃபிளாட் விலை வருஷத்துக்கு 4.3% ஏறினாத்தான் வச்சிருக்கிறது எஃப்.டி.க்குச் சமம். இண்டெக்ஸ் ஃபண்டுல 10% கிடைக்கும்னு வச்சா 6.25% ஏறணும். ரெண்டு பக்கமும் வரி உண்டு, அதனால இது தோராயம்தான்.

இந்த ஃபிளாட் 8 வருஷத்துல ஏறினது வருஷத்துக்கு 5.2%. எஃப்.டி.யை ஜெயிச்சிருக்கு, 10% ஃபண்டுகிட்ட தோத்திருக்கு.

உங்க ஃபிளாட்டுக்கும் இந்த சதவீதத்தைக் கண்டுபிடிங்க. வெப்சைட்ல கேட்கிற விலையை எடுக்காதீங்க, அதே அபார்ட்மென்ட்ல சமீபத்துல வித்த விலையை விசாரிங்க. கட்டிடம் பழசாகும், ஏறுறது நிலம்தான். அதனால யூ.டி.எஸ். எவ்வளவுன்னு பத்திரத்தில் பாருங்க.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: வித்த பணம் காருக்கும் கல்யாணச் செலவுக்கும் போகும்னா, அப்பா சொன்னதே சரி. ஃபிளாட் கட்டாய சேமிப்பா இருக்கட்டும். அதேசமயம், வேலை போனா ஆறு மாச இ.எம்.ஐ. கட்ட கையில் பணம் இல்லைன்னா, விலை ஏறும்னு காத்திருக்கிறதே ரிஸ்க்.

உங்க கணக்குல எத்தனை சதவீதம் வந்தது? கமெண்ட்ல சொல்லுங்க.