கட்டடம் எழுமுன் காற்றை அளத்தல்

நகரில் பெரியதோர் அடுக்குமாடித் தொகுதி எழப்போகின்றது என்னும் செய்தி பரவியதும், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் குடிநீரைப் பற்றிக் கவலையுறுகின்றன. சாக்கடையைப் பற்றியும் வண்டி நெரிசலைப் பற்றியும் பேசுகின்றன. காற்றைப் பற்றிக் கேட்பவர் அரியர். ஆனால் நம் நாட்டுச் சட்டம் அதனைக் கேட்கின்றது. 2006 செப்டம்பர் 14 அன்று நடுவண் அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுவாக 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள கட்டடங்களுக்கு முன்னனுமதி வேண்டும். 1,50,000 சதுர மீட்டரை எட்டும் பெருந்திட்டங்களாயின், முழு மதிப்பீட்டு அறிக்கையே அளித்தாக வேண்டும்.

அவ்வறிக்கையில் காற்றை எங்ஙனம் அளக்கின்றனர்? திட்ட இடத்திலும் சுற்றுப்புறத்திலும் சில கட்டடங்களின் மேல் கருவிகளை நிறுத்தி, பெரும்பாலும் வாரத்திற்கு இருநாளாக ஒரு பருவம் முழுதும் காற்றிலுள்ள துகள்களை வடிகட்டி எடைபோடுகின்றனர். இவற்றுள் 10 மைக்ரான் அளவுக்கு உட்பட்டவை ஒருவகை, 2.5 மைக்ரானுக்கு உட்பட்டவை மற்றொருவகை. பின்னது நம் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் அடிவரை இறங்க வல்லது. பின்னர், புதிய கட்டடத்தால் வரும் ஊர்திகள் எத்தனை, டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாய் எவ்வளவு உயரம், காற்று எத்திசையில் எவ்வேகத்தில் வீசும் என்பவற்றைக் கணிப்பொறியில் இட்டு, எவ்வளவு மாசு கூடும் எனக் கணக்கிடுகின்றனர். இன்றுள்ள அளவோடு அக்கூடுதலைச் சேர்த்து, வரும் தொகை அரசின் வரம்புக்குள் நின்றால், "பாதிப்பு இல்லை" என்று முடித்துவிடுகின்றனர்.

இங்கேதான் நாம் சற்று நின்று நோக்க வேண்டும். விளக்கத்திற்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். 10 மைக்ரான் துகளுக்கு ஒருநாள் வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம். ஓர் ஊரில் இன்றைய அளவு 92 என்று கொள்வோம். முதல் தொகுதி 6 கூட்டும், ஆக 98. அனுமதி கிடைக்கின்றது. அது எழும்பி முடியுமுன்னரே அடுத்த தெருவில் இரண்டாம் தொகுதிக்கு விண்ணப்பம் வருகின்றது. அதற்கும் பழைய 92-ஐயே அடிப்படையாகக் கொண்டு 6-ஐக் கூட்டினால், அதுவும் 98. இரண்டு அறிக்கைகளும் தனித்தனியே சரி. ஆனால் அத்தெருக் குழந்தைகள் சுவாசிக்கப் போவது 104 அல்லவா? அருகிலுள்ள ஏனைய திட்டங்களோடு சேர்ந்து வரும் பாதிப்பு உண்டா என்னும் வினா 2006-ஆம் ஆண்டு விண்ணப்பப் படிவத்திலேயே உள்ளது. ஆயினும் அதற்கு "ஆம்", "இல்லை" என்று குறிக்க ஒரு கட்டமும் உள்ளதே! அறிக்கை எழுதுவோர் பொய் கூறுகின்றனர் என்று நான் சொல்லவில்லை. இந்தியத் தரக் குழுமத்தின் ஏற்புப் பெற்ற வல்லுநர்களே அதனை எழுதுகின்றனர். எனினும் அவர்களுக்கு ஊதியம் தருபவர் கட்டடம் கட்டுபவர் என்பதையும் மறத்தலாகாது.

பருவத்தையும் பார்க்க வேண்டும். மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தில் அளந்தால் போதும் என்பது நடைமுறை. காற்று நன்கு வீசும் மாதங்களில் அளந்தால் தூசி சிதறிவிடும். பனிக்காலத்து விடியற்காலையிலோ, குளிர்ந்த காற்று நிலத்தோடு படிந்து நிற்க, புகையும் மேலெழ இயலாது தங்கிவிடும். 2009-ஆம் ஆண்டின் தேசிய வரம்புகளில் 10 மைக்ரான் துகளுக்கு ஆண்டுச் சராசரி 60 மட்டுமே. அச்சராசரிக்கு ஆண்டில் குறைந்தது 104 நாள் அளவுகள் வேண்டும். ஒரு பருவத்து இருபத்து நான்கு அளவுகளைக் கொண்டு அதனை எப்படிச் சொல்லமுடியும்? எனவேதான் அறிக்கைகளில் 100 என்னும் எண்ணோடே பெரிதும் ஒப்பிடுகின்றனர்.

அந்த வரம்புதானும் நலத்தின் எல்லை அன்று. 2.5 மைக்ரான் துகளுக்கு நம் ஆண்டு வரம்பு 40. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 5. எண்கள் ஒருபுறம் இருக்க, இலண்டனில் பெருஞ்சாலை ஒன்றன் அருகே வாழ்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்னும் ஒன்பது வயதுச் சிறுமி, கடும் ஆஸ்துமாவால் 2013-இல் இறந்தாள். 2020 டிசம்பரில் முடிவுற்ற மரண விசாரணை, அவளது இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று பதிவு செய்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகளையே சட்ட இலக்குகளுக்கு அடிப்படையாகக் கொள்ளுமாறு அந்த விசாரணை அதிகாரி 2021-இல் அரசைக் கேட்டார்.

கட்டி முடிந்தபின் வரும் புகை ஒருபுறமிருக்க, கட்டும் ஆண்டுகளின் தூசியும் சிறிதன்று. பழைய சுவரை இடித்தல், மண் தோண்டல், லாரிச் சக்கரத்தில் ஒட்டி வெளியே வந்து தெருவில் உலரும் சேறு: வீட்டுத் தாய்மார் நாளைக்கு மூன்றுமுறை துடைத்தும் ஜன்னற் கம்பியில் படிவது இதுவே. தடுப்புத் திரை கட்டுதல், மண்குவியலை மூடுதல், மூடாத வண்டிகளில் ஏற்றிச் செல்லாமை, நீர் தெளித்தல், கல்லைத் திறந்தவெளியில் அறுக்காமை ஆகியவற்றை 2018 ஜனவரியில் அரசு விதிகளாகவே ஆக்கியது. ஜெனரேட்டரை எங்கே வைக்கின்றனர் என்பதையும் வரைபடத்தில் காணலாம். பள்ளிச் சுவரை ஒட்டி வைப்பதாயின் அதனை முன்னரே தடுப்பது எளிது. கான்கிரீட் போட்டபின் அரிது.

கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையிலேயே விலக்கப்பட்டிருப்பது பெருங்குறை என்பதே என் கருத்து. ஆதலால் மக்களே தேடிப்போக வேண்டியுள்ளது. விண்ணப்பங்கள் நடுவண் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் உள்ளன; கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் எடுத்துத் தருவர். கருவி எவ்விடத்தில், எம்மாதங்களில் நின்றது, அருகிலுள்ள பிற திட்டங்களைக் கணக்கிற் கொண்டனரா என்பவற்றை முதலில் பாருங்கள். அனுமதி கிடைத்ததும் உள்ளூர் நாளிதழ்கள் இரண்டில் விளம்பரம் செய்யவேண்டும். அவற்றுள் ஒன்று வட்டார மொழியில் இருத்தல் வேண்டும். குறையிருப்பின் முப்பது நாட்களுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள்வரை தீர்ப்பாயம் இடந்தரும். அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே உள்ளது. அனுமதியின் நிபந்தனைகள் நிறைவேறுகின்றனவா என்னும் அறிக்கையை ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் கட்டுபவர் அளித்தாக வேண்டும். அதனையும் கேட்டுப் பெறலாம்.