மலையகத்தில் மறைக்கல்வி – 7: அந்தி செபமும் ஞாயிறு வகுப்பும்

பிள்ளையின் மறைக்கல்வியில் முதல் ஆசிரியர் பெற்றோர். கோவில் அவர்களுக்குத் துணை. கத்தோலிக்கத் திருச்சபை இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரைப் பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்களாக ஏற்கிறது. பிள்ளையை முதல் நன்மைக்குத் தயார்ப்படுத்தும் கடமையை 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு சொல்லும்போது பெற்றோரை முன்னும் பங்குத்தந்தையை அடுத்தும் வைக்கிறது. குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் மற்றச் சபைகளிலும், பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்போம் என்று வாக்குக் கொடுப்பவர்கள் பெற்றோரும் ஞானப் பெற்றோருமே. பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள டன்சினன், சீன் போன்ற தேயிலைத் தோட்டங்களில் இந்த வரிசை நடைமுறைக்கு வருவது சுலபமாக இருந்ததில்லை. பக்திக்கு அங்கே குறைவில்லை. பொழுதுதான் இல்லை.

தமிழரிடையே மறைக்கல்வி தொடங்கியதே இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் சிறுவர்களைக் கூட்டிச் செபங்களை மனப்பாடம் செய்வித்தார். அவற்றை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக் கொடுக்கும்படி அனுப்பினார். 1579இல் கொச்சியில் அண்டிறிக் அடிகளார் அச்சிட்ட ‘கிரீசித்தியானி வணக்கம்’ கேள்வியும் விடையுமாக அமைந்த நூல்; வாய்விட்டுச் சொல்லி நெஞ்சில் நிறுத்துவதற்கு ஏற்றது. எழுத்தறியாத வீட்டுக்குள் வேதம் பிள்ளையின் வாய்வழியே நுழைந்தது. மலையகத்தில் 1854இல், தோட்டத் துரைமாரின் பண உதவியோடும் சர்ச் மிஷன் சங்கத்தின் துணையோடும் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. உபதேசியார்கள் கோப்பித் தோட்டம் தோட்டமாக நடந்துபோய் லயத்து வாசலில் கூட்டம் வைத்தார்கள். அதில் ஒரு நல்ல காரியம் இருந்தது: பிள்ளைக்குச் சொன்னதைப் பெற்றோரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள்.

பின்னாளில் தோட்டத்துக் கோவில்களும் ஞாயிறு வகுப்புகளும் வந்தபோது அந்த வாசல் கூட்டம் மங்கியது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை கோவிலுக்குப் போகும். தாய்க்கு அன்றுதான் உடுப்புத் துவைக்கவும் விறகு சேர்க்கவும் டவுனுக்குப் போய் அரிசி சாமான் வாங்கவும் நேரம். மற்ற நாட்களைச் சொல்லவே வேண்டாம். விடியுமுன் அடுப்பு மூட்டி, பெரிய பிள்ளைகளைப் பாடசாலைக்கும் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவுக்கும் அனுப்பிப் பெரட்டுக்கு ஓடுகிறவள், மாலையில் கொழுந்து நிறுத்து வீடு வந்து சேரும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். குடும்பம் முழுதும் ஒரே காம்பராவில் கூடியிருப்பது விளக்கு வைத்த பிறகு, சோறு வேகும் அந்த அரை மணி நேரந்தான். கத்தோலிக்க வீடானால் செபமாலை, மற்றச் சபையினர் வீடானால் குடும்ப ஜெபம், எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடுப்பை ஊதிக்கொண்டே தாய் முதல் பாதியைச் சொல்ல, பிள்ளைகள் மறுபாதியைச் சொல்லி முடிக்கும் ‘அருள் நிறைந்த மரியே’ எந்த வகுப்பறையிலும் கிடைக்காத கல்வி. மறைக்கல்வித் திட்டம் எதுவானாலும் இந்த அரை மணி நேரத்தை மையமாக வைத்தே வகுக்கப்பட வேண்டும்.

பாடசாலையின் பங்கு வேறு வகையானது. இலங்கையில் சமயம் கட்டாயப் பாடம், க.பொ.த. சாதாரண தரம் வரை தொடர்வது. சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று தனித்தனியே வினாத்தாள் உண்டு. 1960இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசின் கைக்கு வந்தன. நாலைந்து கிறிஸ்தவப் பிள்ளைகளே உள்ள பாடசாலையில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாவிட்டால் பாரம் முழுவதும் ஞாயிறு வகுப்பின் தலையில் விழும். அப்போது மறைக்கல்வி பரீட்சைக்கான டியூஷனாகிவிடும் ஆபத்து உண்டு. புள்ளிகள் தேவைதான். ஆனாலும் பத்துக் கட்டளைகளை ஒப்புவிக்கிற பிள்ளைக்கு அந்திச் செபம் தெரியாவிட்டால் வகுப்பு பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.

கோவிலும் வீடும் கைகோப்பதற்குப் பெரிய ஏற்பாடுகள் வேண்டியதில்லை. அன்பியக் கூட்டத்தை லயத்திலேயே, வேலை முடிந்த பிறகு வைக்கலாம். முதல் நன்மைக்கு முந்திய மாதங்களில் மறையாசிரியர் அந்த வாரத்துப் பாடத்தை இரண்டே வாக்கியத்தில் தாய்க்கும் சொல்லி வைத்தால், அவள் வீட்டில் அதைத் தொட்டுப் பேசுவாள். தாய் மத்திய கிழக்கிலோ கொழும்பிலோ வேலை செய்கிற வீடுகளில் பிள்ளையை வளர்ப்பவர் அம்மாயியோ அப்பாயியோதான். அவருக்கு எழுத்து வராமல் இருக்கலாம். செபங்கள் முழுதும் மனப்பாடம். பெற்றோர் கூட்டத்துக்கு அழைக்கப்பட வேண்டியவர் அவரே. ஞானத்தாய், ஞானத்தந்தை என்ற உறவு பெயரளவில் நின்றுவிடாமல் வேலை செய்ய வேண்டிய இடமும் இதுதான்.

குடியிருப்பின் அமைப்பும் மாறி வருகிறது. 2018இல் டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியோடு கட்டிய 404 தனி வீடுகள் கையளிக்கப்பட்டன. லயத்தில் ஒரு காம்பராவில் சொல்லும் செபம் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். தனி வீட்டில் கேட்காது. குடும்பத்துக்கு அமைதி கிடைக்கிறது. அதற்கு ஈடாக, கூடிச் செபிக்க விரும்புகிறவர்கள் இனி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் நடந்துபோக வேண்டும்.

நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். ஒரே குடும்பத்தில் மாமன் சைவராகவும் மச்சான் வேதக்காரராகவும் இருப்பது சாதாரணம். பிள்ளையின் சமயக் கல்வியைத் தீர்மானிப்பது பெற்றோரின் உரிமை என்பதை, இலங்கை 1980இல் ஏற்றுக்கொண்ட குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 18ஆம் உறுப்புரை சொல்கிறது. எந்தச் சபையானாலும் பெற்றோரைத் தாண்டிப் பிள்ளையை அணுகக் கூடாது. தாய் ஒரு சமயமும் தகப்பன் ஒரு சமயமுமாக உள்ள வீட்டில், பிள்ளையின் பெயரைப் பதிவதற்கு முன் இருவரோடும் உட்கார்ந்து பேசுவது மறையாசிரியரின் முதல் வேலை. தோட்டத்து மாரியம்மன் திருவிழா ஞாயிற்றுக்கிழமை வந்தால் அன்றைய வகுப்பைத் தள்ளி வைப்பதும் அந்த வேலையில் சேர்ந்தது.